தீர்மானத்தைப் படிக்கக் கற்போம்

நம் பகுதிப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறு காலைகளில் விவாதப் பயிற்சி அளித்து வருகிறேன். புதிதாக வரும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், நல்ல பேச்சு ஒண்ணு எழுதிக் குடுங்க, பையன் மனப்பாடம் பண்ணிடுவான்." அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் படித்த காலத்தில் பேச்சுப் போட்டி அப்படித்தான் நடந்தது. தலைப்பு ஒரு வாரம் முன்பே தெரியும். தமிழாசிரியர் எழுதித் தருவார். இரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பா முன்னால் நின்று ஒப்பிப்போம்.

இன்று பெங்களூர்ப் பள்ளி, கல்லூரிகளில் நடைபெறும் விவாதப் போட்டிகளில் பல வேறு வகையைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் பார்லிமெண்டரி எனப்படும் முறையில், அணிக்கு இருவராக நான்கு அணிகள் ஓர் அறையில் கூடும். இரண்டு அணிகள் தீர்மானத்தை ஆதரிக்கும், இரண்டு எதிர்க்கும். தீர்மானம் அறிவிக்கப்பட்ட பிறகு கிடைக்கும் அவகாசம் 15 நிமிடம். அதன்பின் ஒவ்வொருவரும் 7 நிமிடம் பேசவேண்டும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க முடியாது. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியும் இம்முறையில்தான் நடக்கிறது. 2014ஆம் ஆண்டுக்கான உலகப் போட்டி சென்னையிலேயே நடைபெற்றது என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம்.

இங்கே மனப்பாடம் உதவாது. ஒரே ஒரு வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும் பழக்கம்தான் உதவும். அந்த வரியை எழுதித் தரும் பெரியவர்களுக்கும் இதே பழக்கம் வேண்டும். நம் சங்கங்களில், குடியிருப்புகளில், பள்ளி விழாக்களில் தலைப்புக் கொடுப்பவர்கள் நாம்தானே! ஆகையால் இக்கட்டுரை பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

பட்டிமன்றத் தலைப்பும் விவாதத் தீர்மானமும்

தமிழர்களாகிய நமக்குப் பட்டிமன்றம் இரத்தத்தில் ஊறியது. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. சோழனுக்கு மகத நாட்டு மன்னன் அளித்த பட்டிமண்டபம் ஒன்று புகாரில் இருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். நம் காலத்துப் பட்டிமன்றத்துக்குக் காரைக்குடிக் கம்பன் கழகமும், நடுவராக அமர்ந்த குன்றக்குடி அடிகளாரும், பின்னர்த் தொலைக்காட்சி வழியே சாலமன் பாப்பையா அவர்களும் செய்த தொண்டு பெரிது.

ஆனால் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளை விவாத அறைக்குள் நுழையும்போது ஒரு பழக்கத்தை வாசலில் விட்டுவிட வேண்டியிருக்கிறது. பட்டிமன்றத் தலைப்பு "இதுவா, அதுவா" என்று இருக்கும். இரு அணிகளுக்கும் சொந்தமாக ஒரு பொருள் உண்டு. அதைப் புகழ்ந்து பேசலாம். விவாதத் தீர்மானத்தில் ஒரு கூற்றுதான் இருக்கும். ஓர் அணி அதை நிறுவவேண்டும்; மற்றது அது நிற்கவில்லை என்று காட்டவேண்டும். "வீட்டுப்பாடத்தைத் தடை செய்யவேண்டும்" என்பது தீர்மானமானால், எதிரணி வீட்டுப்பாடத்தின் பெருமையைப் பாடத் தேவையில்லை. குறை உண்டு, தடைதான் அதற்கு மருந்தல்ல என்று காட்டினால் போதும். இந்த வேற்றுமை தெரியாமல், எதிர்ப்பக்கம் கிடைத்ததும் "வீட்டுப்பாடமே சிறந்தது" என்று தொடங்கி, தேவையில்லாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எப்படிப்பட்ட கூற்று வாதத்துக்கு உரியது என்பதை நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். நிறுவப்படும் கூற்றுக்குப் பக்கம் என்று பெயர், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் தீ இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறது என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதோடு விடவில்லை. பக்கம் போலத் தோன்றிப் பக்கமாகாதவற்றைப் பக்கப்போலி என்று ஒன்பதாக வகுத்திருக்கிறார் சாத்தனார். கண்ணால் காண்பதற்கே முரணானது, தன் சொல்லே தன்னை மறுப்பது, இப்படிப் போகும் அந்த வரிசையின் கடைசியில் எதிராளியும் ஏற்றுக்கொண்ட ஒன்றை மெனக்கெட்டு நிறுவப் புகுவது வருகிறது. "கல்வி அவசியம்", "ஒழுக்கம் வேண்டும்", "சுற்றுச்சூழலைக் காக்கவேண்டும்" என்றெல்லாம் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தலைப்புகள் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. எதிர்த்துப் பேசப் பணிக்கப்படும் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு சொல் செய்யும் வேலை

1933ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் இந்த அவை எந்த நிலையிலும் போரிடாது என்பது அதன் கருத்து. 275 பேர் ஆதரித்தனர், 153 பேர் எதிர்த்தனர். தீர்மானம் நிறைவேறிய செய்தி பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. இதில் நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது "எந்த நிலையிலும்" என்ற இரு சொற்களை. அவை இல்லையென்றால் ஆதரவு அணி பெரும்பாலான போர்கள் வீண் என்று காட்டினாலே பெருமளவு வேலை முடிந்தது. அவை இருப்பதால், பகைவன் வாசலில் வந்து நிற்கும் நாளையும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். எதிரணிக்கோ நியாயமான போர் ஒன்று கிடைத்தால் போதும். எல்லா, எப்போதும், ஒருபோதும், மட்டுமே போன்ற சொற்கள் தீர்மானத்தில் வந்தால் உடனே அடிக்கோடிடச் சொல்கிறேன்.

அடுத்தது வினைச்சொல். அதே ஆக்ஸ்போர்டு சங்கத்தில் 2015ஆம் ஆண்டு, முன்னாள் காலனி நாடுகளுக்குப் பிரிட்டன் இழப்பீடு தரக் கடன்பட்டிருக்கிறது என்ற தீர்மானத்தை ஆதரித்து சசி தரூர் பேசினார். அந்தப் பேச்சைப் பார்க்காத இந்தியர் குறைவு. அவருடைய நகைச்சுவையையும் புள்ளிவிவரங்களையும் பலர் பாராட்டினார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. எவ்வளவு பணம், யாருக்கு, எந்தக் கணக்கில் என்று கேட்டு எதிரணி திணறடிக்கப் பார்க்கும்போது, அவர் "கடன்பட்டிருக்கிறது" என்ற வினைச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடன் உண்டா இல்லையா என்பதே கேள்வி. தொகை எவ்வளவு என்பதன்று. ஆண்டுக்கு ஒரு பவுன் வீதம் இருநூறு ஆண்டுகள் கொடுத்தாலும் போதும் என்று முடித்தார். தீர்மானத்தை ஒழுங்காகப் படித்தவரால்தான் அப்படி முடிக்க இயலும்.

2016ஆம் ஆண்டு உலகப் பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிச் சுற்றுத் தீர்மானம் இன்னும் நுட்பமானது. உலகின் ஏழைகள் முழுமையான மார்க்சியப் புரட்சியில் இறங்குவது நியாயமே என்பது அது. "நியாயம்" என்று இருக்கிறதே தவிர "வெற்றி பெறும்" என்று இல்லை. சோவியத் நாட்டின் வரலாற்றைச் சொல்லி எதிர்ப்பவர், தோல்வி அடையக்கூடிய ஒரு செயல் ஏன் நியாயமற்றதாகிறது என்பதையும் சேர்த்து விளக்கியாக வேண்டும். இறுதிச் சுற்றில் வென்ற ஹார்வர்டு அணியில் ஒருவர் போ சோ. எட்டு வயதில் தென்கொரியாவிலிருந்து பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்குப் போனபோது அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஊர் விட்டு ஊர் வந்து வேற்று மொழியில் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

ஆங்கிலம் தெரியாத தாய் தந்தையர் இதில் உதவ முடியாது என்று எண்ணவேண்டாம். வீட்டில் தீர்மானத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மேலே நான் காட்டிய "கடன்பட்டிருக்கிறது", "நியாயம்" ஆகியவை ஆங்கிலத்தில் வழவழவென்று நழுவிப் போகும் சொற்கள். தமிழாக்கத் தொடங்கினால்தான் பிள்ளை ஒரு நொடி நின்று, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கும். அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டியது.

தீர்மானத்தின் வாய்பாடுகள்

தீர்மானங்கள் "இந்த அவை" என்று தொடங்குவது மரபு. "இந்த அவை இதைச் செய்யும்" என்றால் ஒரு திட்டம் கேட்கப்படுகிறது. யார் செய்வார், எப்படிச் செய்வார் என்று முதல் பேச்சாளர் சொல்லியாக வேண்டும். "இந்த அவை நம்புகிறது" என்றால் ஒரு மதிப்பீடு. "இந்த அவை விரும்பும்" என்றால் ஒப்பீடு. அல்சூர் ஏரி அருகே 1991 முதல் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டதும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறக்கப்பட்டதும் நம் நினைவில் இருக்கும். அதை ஒட்டி ஒரு முறை, "இந்த அவை, மொழி உறவை வளர்க்கச் சிலைகளைவிட மொழிபெயர்ப்பு நூல்களுக்குப் பணம் செலவிடுவதை விரும்பும்" என்று கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டுமே நல்லதுதானே என்று நழுவப் பார்த்தார்கள். விடவில்லை. ஒரு ரூபாய்தான் இருக்கிறது, எங்கே போடுவாய் என்றேன். சிலையைப் படிக்காதவரும் பார்ப்பார் என்று ஒருவன் சொன்னான். அதன்பின் விவாதம் சூடு பிடித்தது.

மிகக் கடினமானது "வருந்துகிறது" என்ற வகை. "பெங்களூர் தகவல் தொழில்நுட்ப நகரமானதை எண்ணி இந்த அவை வருந்துகிறது" என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் உடனே போக்குவரத்து நெரிசல், பெல்லந்தூர் ஏரி நுரை, வீட்டு வாடகை என்று அடுக்குவார்கள். அது வருத்தம் அல்ல, புலம்பல். வருந்துவது என்றால், அது நடவாமல் இருந்திருந்தால் இந்நகரம் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டவேண்டும். 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகளால் வளர்ந்த ஊர் இது. நம்மில் பலருடைய தந்தையும் தாத்தாவும் அந்த ஆலைகளின் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்திராவிட்டால் அந்த ஊர் அப்படியே நின்றிருக்குமா? அல்லது வேறொரு தொழில் வந்து இதே ஏரிகளைத் தூர்த்திருக்குமா? ஆதரவு அணி முதலாவதை நம்பவைக்க வேண்டும், எதிரணி இரண்டாவதை. இந்தத் தீர்மானத்துக்கு வீட்டில் தாத்தா ஒருவர் இருந்தால் நூலகம் வேண்டாம்.

மறுப்புக்கும் வகை உண்டு. நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவது. "சரி, நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் உங்கள் தீர்மானம் நிற்காது" என்று விவாத நடுவர்கள் இன்று மெச்சும் உத்தி அதுதான். நன்னூலைச் செய்வித்த சீயகங்கன், நம் பக்கத்துக் கோலாரைத் தம் குலத்தின் ஊராகச் சொல்லிக்கொண்ட கங்கர் மரபினன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால்

ஆசிய முறையில் அணிக்கு மூவர். மூன்று தீர்மானங்கள் தரப்படும். இரு அணிகளும் தனித்தனியே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும். ஓர் அணி மூன்றாவதாக வைத்தது நீங்கிவிடும். எஞ்சியதில் ஒத்து வந்தால் அது. இல்லையேல் நாணயம் சுண்டுவார்கள். பிறகு அரை மணி நேரத் தயாரிப்பு. பிள்ளைகள் தங்களுக்கு அதிகம் தெரிந்த பொருளை முதலில் வைக்கிறார்கள். அது பல நேரம் ஆபத்து. கிரிக்கெட் பற்றி நிறையத் தெரிந்தவன் கிரிக்கெட் கதை சொல்வான், தீர்மானத்தை மறந்துவிடுவான். எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். ஆகவே அந்தப் பக்கம் நின்று நிறுவவேண்டியது எதில் குறைவு என்று பார்த்து வரிசைப்படுத்துவதே நல்லது.

கோடு எங்கே விழுகிறது?

இனி நம்மைப் போன்ற தலைப்புக் கொடுப்பவர்களுக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில், "வெளிமாநிலத்தவர் வருகையால் இந்நகரம் கெடுகிறது" என்று ஒரு தீர்மானம் வந்தது. என்னிடம் பயின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஆதரவுப் பக்கம் விழுந்தது. தண்டு என்று நாம் சொல்லும் கண்டோன்மென்ட் பகுதியில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பம் அவளுடையது. கன்னடம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தீர்மானத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அங்கிள், நான் வெளியாளா, உள்ளாளா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் உதவக்கூடாது என்பது விதி. நான் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

அவள் பேசினாள், நன்றாகவே பேசினாள். குழாயும் சாக்கடையும் போடப்படும் வேகத்தைவிட ஆட்கள் வரும் வேகம் கூடிவிட்டது என்று, வந்தவரைப் பழிக்காமல் வேகத்தைப் பழித்து வாதத்தை அமைத்தாள். ஆனால் அதே அறையில் எதிர்ப்பக்கம் பேசிய உள்ளூர்ச் சிறுவனுக்கு அந்தத் தீர்மானம் வெறும் தீர்மானம்; அவளுக்கு அது தன் வீட்டு முகவரி. இது சமமான போட்டி அல்ல. இட ஒதுக்கீடு, மதம், சாதி பற்றி யோசனையின்றி எழுதப்படும் தீர்மானங்களிலும் இதே தவறுதான். அவையிலிருக்கும் ஒரு பிள்ளை இங்கே இருக்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடத்துவது விவாதமாகாது.

அப்படியானால் சுடும் பொருள்களைத் தொடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். காவிரியையே எடுத்துக்கொள்வோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் என்ன நடந்தது என்பதை நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதனாலேயே பல பெரியவர்கள் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன் உச்சரிப்பதில்லை. பிள்ளைகளோ தெருவிலும் கைப்பேசியிலும் அரைகுறையாகக் கேட்டு வருகிறார்கள். "காவிரி நீர் யாருக்கு?" என்று தலைப்பு வைத்தால் கோடு நேராகப் பிறப்பின் மீது விழும், பேசுவதற்கு முன்பே யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கோட்டைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. சென்னையும் 2004 முதல் வீராணம் வழியே காவிரி நீர் குடிக்கிறது. இதிலிருந்து, "பற்றாக்குறை ஆண்டுகளில் இந்த அவை பாசனத்தைவிடப் பெருநகரங்களின் குடிநீருக்கு முதலிடம் தரும்" என்று ஒரு தீர்மானம் எழுதலாம். இப்போது மண்டியா உழவரும் தஞ்சாவூர் உழவரும் ஒரே பக்கம் வந்துவிட்டார்கள். பெங்களூர்வாசியும் சென்னைவாசியும் எதிர்ப்பக்கம். இதை என் வகுப்பில் கொடுத்தபோது, மண்டியாவைச் சேர்ந்த கன்னட மாணவன் ஒருவனும் கும்பகோணத்துச் சிறுமி ஒருத்தியும் ஒரே அணியில் அமர்ந்து, நாற்று நட்ட பிறகு தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரணி சும்மா இருக்கவில்லை. மாடி வீட்டுக்காரன் லாரித் தண்ணீர் வாங்குவான், குடிசைக்காரன் என்ன செய்வான் என்று கேட்டது. யார் வென்றார்கள் என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. தீர்மானம் சரியாக அமைந்ததற்கு அதுவே அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

தீர்மானம் எழுதியவர் அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளை நடுவில் மடித்து, இரு பக்கமும் மும்மூன்று காரணங்களைத் தாமே எழுதிப் பார்க்கவேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் காலியாக நின்றால் அந்தத் தீர்மானத்தைக் கிழித்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லாத செய்தி எதுவும் தேவைப்பட்டால், இரண்டு மூன்று வரிக் குறிப்பாகத் தீர்மானத்துடனேயே எழுதிக் கொடுப்பது முறை. மேலே சொன்ன காவிரிக் கணக்கை நான் அப்படித்தான் கொடுத்தேன்.

வீட்டுப் பயிற்சிக்கு

கீழ்க்காணும் மூன்றையும் இந்த வாரம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். "இந்த அவை, பெங்களூரில் சொந்தக் கார் வாங்குவதற்கு உச்சவரம்பு விதிக்கும்." "மறுமொழி பேசும் ஊரில் குடியேறியவர்கள் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று இந்த அவை நம்புகிறது." "கூட்டுக் குடும்பங்கள் குறைந்ததை எண்ணி இந்த அவை வருந்துகிறது." முதலில் ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு; அடுத்து, ஆதரவு அணி எதை நிறுவியே ஆகவேண்டும் என்று ஒரே வாக்கியம்; கடைசியாக, எதிரணி எதை நிறுவத் தேவையில்லை என்று இன்னொரு வாக்கியம். பேச்சு எழுதவேண்டாம். இரண்டாவது தீர்மானத்தில் "கடமை" என்ற சொல்லுக்கு நம் பிள்ளைகள் என்ன பொருள் எழுதுகிறார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். சங்கத்துக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அவற்றை வைத்துக்கொண்டு மறுப்புரை பற்றிப் பார்க்கலாம்.